பெத்தவ பால்

மல்லிப்பூ வாசம்தான் முதல்ல வந்துச்சு.

வசுமதி கண்ணத் தொறக்காம அப்படியே படுத்திருந்தா. கேமரன் மலைக் குளிருக்கு மல்லிச் செடி நிக்காது. பூ வேணும்னா யாராவது ஈப்போவுக்கு இறங்கிப் போயி வாங்கிட்டு வரணும். அந்த வீட்டுக்குள்ள பூ வந்து ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். ஆனாலும் வாசம் இருந்துச்சு. ஈரத் துணிக்குள்ள ராத்திரி பூரா கட்டி வச்சு, ஒடம்புச் சூட்டுல வெந்து, காலையில பழுப்பா சுருண்டு போன பூவோட வாசம். அதுக்கு அடியில லேசா ஒரு புளிப்பு. மூணு வருசத்துக்கு முன்னால இதே வாசத்த அவ நாலு நாள் விடாம மோந்திருக்கா.

கண்ணத் தொறந்தா. பூ இல்ல. தெர்மோஸ், மாத்திரப் பை, செவுத்துல எஸ்டேட் குடுத்த காலண்டர். செவ்வாக்கெழம. ஆபரேசன் முடிஞ்சு நாலாவது நாள்.

முதுகுக்கு மூணு தலகாணி அண்டக் குடுத்து, பாதி உக்காந்தும் பாதி படுத்தும் கெடந்தா. டாக்டர் சொன்னது அப்படி. மல்லாந்துதான் படுக்கணும். கைய தோளுக்கு மேல தூக்கக் கூடாது. எதையும் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. நெஞ்ச இறுக்கிப் புடிக்கிற எலாஸ்டிக் பாடிய ராவும் பகலும் கழட்டக் கூடாது. மீறினா தையல் விட்டுரும்.

மணி ரெண்டுதான், ஆனா ஜன்னல்ல வெளிச்சம் இல்ல. மலைக்கு மேலேர்ந்து பனி எறங்கி எஸ்டேட் லைன் வீடுங்க மொத்தத்தையும் மூடியிருந்துச்சு, எதுத்த வீட்டுக் கூரை கூட தெரியல. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. அஞ்சாம் மலைப் பக்கம் கொழுந்து வெட்டுற மிஷின் விட்டு விட்டு உறுமுச்சு. அதுக்கும் கீழ, தொழிற்சாலையில கொழுந்து வாட வைக்கிற காத்தாடி, மூச்சு விடாம ஒரே சத்தமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. லைன்ல பொறந்தவங்களுக்கு அந்தச் சத்தம் காதுல ஏறாது. வசுமதிக்கும் இத்தன வருசமா ஏறல. நாலு நாளா ஏறுது.

அப்புறம் நெஞ்சுல அந்தக் குளிரு. அதையும் டாக்டர் சொல்லித்தான் விட்டாரு. உள்ள வச்சிருக்கிற சிலிக்கான் பை ஒடம்பு மாரி சீக்கிரம் சூடாவாது, மலை ஊருல இருக்கிறீங்க, கொஞ்சம் சில்லுன்னுதான் தெரியும், பயப்படாதீங்கன்னு. ரெண்டு கம்பளி போட்டும் அது சூடாவல. ஐஸ்பெட்டியிலேர்ந்து எடுத்த எறச்சிய யாரோ நெஞ்சுல வச்சுத் தைச்சுட்டுப் போன மாரி.

அப்பதான் ஹால்லேர்ந்து அந்தச் சத்தம் வந்துச்சு. இரும்பு மெதுவா நீண்டு, மெதுவா சுருங்குற சத்தம். ஒரே ஒரு தடவ.

---

பள்ளிக்கூடத்துலயே அவளுக்குப் பேரு 'பலகை'. கல்யாணத்துக்கு அப்புறமும் அந்தப் பேரு போவல. குணாளனே நாலு பேரு முன்னால அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பான். அவன் லெம்பா பெர்த்தாம்ல காய்கறி ஏத்தி கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுறவன். வாரத்துல பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டான், இருக்கிற நாள்ல போன்ல யாரையாவது பாத்துக்கிட்டு இருப்பான். வசுமதி வேல செஞ்சது எஸ்டேட்டோட டீ சென்டர்ல. கண்ணாடிக்குப் பின்னால நின்னு சுற்றுலாக்காரங்களுக்குத் தேயில பெட்டி விக்கிற வேல. அந்தக் கண்ணாடியில நாள் பூரா அவ உருவம் தெரியும். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கோடு.

ரெண்டு வருசம் சேத்து வச்சுதான் ஈப்போவுக்குப் போனா. அந்தக் கிளினிக்ல நர்ஸ் பொண்ணு அவளுக்கு ஒரு இறுக்கமான டீ-சர்ட்ட மாட்டி, உள்ள ஒவ்வொரு சைசா பைய வச்சு கண்ணாடி முன்னால நிக்க வச்சா. மூணாவது சைசுல வசுமதி பக்கவாட்டுல திரும்பிப் பாத்தா. கோடு வளஞ்சிருந்துச்சு. அழுதுட்டா. அந்த ஒரு நிமிசத்துக்காக எதையும் குடுத்திருப்பா.

குணாளன்கிட்ட சொன்னப்போ போன்லேர்ந்து தல தூக்கல.

"ஓடாத மோட்டர் சைக்கிளுக்குப் புது டயரா? செய்யி லா. என்ன போச்சு."

ஃபாரம் நிரப்புறப்போ நர்ஸ் கேட்டா. தமிழ்ப் பொண்ணுதான். "பிள்ளைங்க எத்தன பேருக்கா?"

"இல்ல."

"பால் குடுத்திருக்கீங்களா?"

"பிள்ளையே இல்லங்கறேன்."

நர்ஸ் ரெண்டு கட்டத்துலயும் கோடு போட்டா.

ஆபரேசன் முடிஞ்சு மயக்கம் தெளியிறப்போ அதே பொண்ணு காதுகிட்ட குனிஞ்சு மெதுவா கேட்டா. "அக்கா, அறுத்தப்போ உள்ளேர்ந்து பால் வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு. கடைசியா எப்பக்கா பால் குடுத்தீங்க?"

வசுமதி மறுபடியும் கண்ண மூடிக்கிட்டா.

"பரவால்லக்கா. சில பேருக்கு அப்படித்தான். குடுக்காத பாலு வருசக் கணக்கா உள்ளயே நிக்கும்."

கம்போங் ராஜா வழியா மலை ஏறி வர்றப்போ, ஒவ்வொரு வளைவுலயும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, அந்த ஒரு வார்த்தையத்தான் வசுமதி நெனச்சுக்கிட்டு வந்தா. உள்ளயே நிக்கும்.

---

மாமியார் மாரியம்மா அவகிட்ட மூணு வருசமா தேவைக்கு மேல ஒரு வார்த்த பேசினதில்ல. தேயில நாத்து மேட்டுல பையில மண்ணு ரொப்பி குச்சி நடுற வேல அவங்களுக்கு. மண்ணுக் கையோட வருவாங்க, ஆக்குவாங்க, ஒரு தட்டுல மூடி வச்சுட்டுப் போயிப் படுத்துருவாங்க. ஆபரேசன் விசயத்தச் சொன்னா வீடே ரெண்டாவும்னு வசுமதி பயந்துக்கிட்டு இருந்தா. மாமியார் கத்தல. அவ நெஞ்சயே கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"பெருசா ஆவுமா?"

"ஆவும் அத்தை."

"நல்லா நெறைய இருக்குமா?"

"ம்."

"செய்யி," அப்படின்னாங்க. அவ்வளவுதான்.

ஈப்போவுலேர்ந்து வந்த நாள்லேர்ந்து அவங்க ஆளே மாறிட்டாங்க. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னால பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டாங்க. சாயங்காலம் வெந்நீ வச்சு கால் தொடச்சாங்க. தல வாரி விட்டாங்க. வசுமதிக்குக் கூச்சமா இருந்துச்சு, அப்புறம் ஆசையா இருந்துச்சு. பெத்த அம்மா போயி பதினஞ்சு வருசத்துக்கு அப்புறம் ஒருத்தர் கை அவ தலையில பட்டுச்சு. வேணும் வேணும்னு தின்னா.

அஞ்சாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குமுதா பாக்க வந்தா. லைன்ல எல்லாருக்கும் 'கட்டி ஆபரேசன்'னு சொல்லியிருந்தாலும் குமுதாவுக்கு மட்டும் உண்ம தெரியும். வந்ததும் கம்பளிய லேசா தூக்கிப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டா.

"எம்மாடியோ வசுக்கா! துரை பங்களாவுல சோபாவுக்குப் போடுவாங்களே குஷனு, அதுல ரெண்ட எடுத்துட்டு வந்துட்டியா?"

"சிரிக்க வைக்காதடி, வலிக்குது."

"குணா அண்ணன் இனிமே கேயெல்லுக்கு லோரி எடுத்துட்டுப் போவாருங்கற? பிரேக் புடிக்காதே லா!"

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. மாரியம்மா தட்டக் கொண்டாந்து வச்சாங்க. குமுதா எட்டிப் பாத்துட்டு, "என்ன பெரியம்மா இது? சுறாப் புட்டு, பூண்டுக் கொழம்பு, முருங்கக்கீரை... எனக்குச் சின்னவன் பொறந்தப்போ எங்கம்மா போட்ட பத்தியச் சாப்பாடு மாரியே இருக்கு. அறுத்த புண்ணுக்கு விரால் சூப்புதானே வைப்பாங்க?"

"விராலு கெடைக்கல," அப்படின்னாங்க மாரியம்மா.

குமுதா போறப்போ ஹால்ல நின்னு மேல பாத்தா. "பிள்ளத் தொட்டி ஸ்பிரிங் மாட்டியிருக்கு? விசேசமா வசுக்கா, எங்கிட்ட கூட சொல்லல?"

"எலி தொல்ல," மாரியம்மா குரலு. "வெங்காயக் கூட தொங்க விட."

கதவு சாத்துற சத்தம். வசுமதி கையில சுறாப் புட்டு உருண்ட அப்படியே இருந்துச்சு. பூண்டு. சுறா. முருங்க. தின்னா என்ன சொரக்கும்னு லைன்ல பொறந்த சின்னப் பிள்ளைக்குக் கூட தெரியும்.

அந்த ஸ்பிரிங்க மூணு வருசத்துக்கு முன்னால கழட்டி, குணாளன் ஆத்துல வீசிட்டு வந்தான். அவன் வீசினத அவ கண்ணால பாத்தா.

---

ஆறாம் நாள் காலையில பாடி நனஞ்சிருந்துச்சு.

ரத்தம்னு நெனச்சா. வெரல வச்சுப் பாத்தா. வெள்ளையா, கொழகொழன்னு, லேசான இனிப்பு நாத்தம். துணிய வெலக்கிப் பாத்தப்போ ரெண்டு காம்பு மேலயும் ஒவ்வொரு சொட்டு நின்னுச்சு. பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே பெருசாச்சு, விழுந்துச்சு.

கிளினிக்குக்குப் போன் அடிச்சா. ஆபரேசனுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும்க்கா, நரம்பு தூண்டி விட்டுரும், தொடாதீங்க, அமுக்காதீங்க, இறுக்கிக் கட்டியே வைங்க, நிக்கிறதுக்கு மாத்திர இருக்கு, வந்து வாங்கிக்கங்க. பால் சொரக்குற சாப்பாடு மட்டும் சாப்பிட்டுராதீங்க.

குணாளனுக்கு அடிச்சா. லோரி சத்தத்துக்கு நடுவுல அவன் சிரிச்சான். "காசு குடுத்து வாங்கினதுல பால் வேற வருதா? ஃபிரீ கிஃப்ட் லா, வச்சுக்க. சனிக்கெழம சாயங்காலம் வர்றேன், மாத்திர வாங்கியாறேன்."

அன்னிக்குச் சாயங்காலம் மாமியார் தட்டோட வந்தப்போ வசுமதி தலையத் திருப்பிக்கிட்டா.

"எனக்கு இது வேணாம் அத்தை."

மாரியம்மா உருண்டய உருட்டி அவ உதட்டுல வச்சு அமுக்குனாங்க. மண்ணு வாசம் அடிக்கிற வெரலு.

"இது ஒனக்குன்னு யாரு சொன்னா?"

வசுமதி முழுங்குனா.

மறுநாளு பூரா அவ தூங்கல. தூங்காம கெடக்குறவளுக்கு எதெல்லாம் ஞாபகம் வரக் கூடாதோ அதெல்லாம் வந்துச்சு.

பிள்ள பொறந்த நாலாம் நாள் அவளுக்குப் பால் கட்டுச்சு. கல்லு மாரி. ஜாக்கெட்டு நனஞ்சு வழிஞ்சுச்சு. பொழுதுக்கும் பலகையா இருந்தவளுக்கு அன்னிக்குத்தான் நெஞ்சுன்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா குணாளன் பாயச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டான். "பால் நாத்தம் அடிக்குதுடி. கொமட்டுது." பிள்ளைக்குக் குடுத்தா இருக்கிறதும் தொங்கிப் போயிரும்னு டீ சென்டர்ல ஒருத்தி சொல்லியிருந்தா. ஈப்போவுலேர்ந்து பூ வரவழச்சு, மல்லியக் கட்டினா பால் வத்தும்னு கேள்விப்பட்டத வச்சு, ரெண்டு பக்கமும் பந்தா வச்சு, சேலத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டா. நாலு நாள். கேட்டவங்ககிட்ட எல்லாம், பாலே வரல, என் ஒடம்பு வாகு அப்படின்னா. ஒரு தடவ கூட பிள்ளய நெஞ்சுல வச்சதில்ல.

டின் பாலத் தண்ணியில கரச்சு பாட்டில்ல குடுத்தா. டீக்குப் போடுற அந்தச் சக்கரப் பாலுதான். லைன்ல பால் இல்லாதவங்க அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான் குடுத்தாங்க, அவளும் அதக் குடிச்சுத்தான் வளந்தா, ஒண்ணும் ஆயிரலையே. பிள்ளைக்கு வயிறு நிக்கல. தண்ணியாப் போச்சு. கண்ணு உள்ள போச்சு. பத்தொம்போதாம் நாள் காலையில தொட்டி ஆடல. பேரு வைக்க முப்பதாம் நாள் குறிச்சிருந்தாங்க, அதனால அழுவறதுக்குக் கூட கூப்பிட ஒரு பேரு இல்ல.

அத விடக் கொடுமையா ஒண்ணு இருந்துச்சு.

பொதச்ச மறுநாள் பால் ஊத்தப் போனாங்க. அஞ்சாம் மலைக்குப் பின்னால, மழத் தூறல்ல. பச்சப் பிள்ள செத்தா பெத்தவ பாலுதான் மொதல்ல மண்ணுல விழணும், அது அவங்க குடும்பத்து வழக்கம். இல்லாட்டி பிள்ள பசியோட திரியும். மாரியம்மா மம்பட்டிய ஊனிக்கிட்டு நின்னு சொன்னாங்க. "பீச்சு. ஒரு சொட்டு போதும்."

"வரலையே அத்தை."

"முயற்சி பண்ணிப் பாரு பொண்ணே. வாய் நனைஞ்சா போதும்."

"இல்லவே இல்ல அத்தை."

சொல்றப்பவே சேலக் கட்டுக்குள்ள கதகதன்னு எறங்குச்சு. வத்திப் போனதுன்னு நெனச்ச பாலு, அந்தச் சின்ன மண்ணு மேட்டப் பாத்ததும் தானா எறங்குச்சு, கட்டுத் துணிய நனச்சு, வயித்துல வழிஞ்சு, மல்லி வாசத்தோட. ஒரு வெரல விட்டுத் தொட்டு ஒதறியிருந்தா போதும். பொய் சொன்னது தெரிஞ்சு போவும்னு கையக் கட்டிக்கிட்டு நின்னா. மாரியம்மா கடைசியில டின் பாலக் கரச்சு ஊத்துனாங்க. மண்ணு அத உறிஞ்சல. அப்படியே மேல நின்னுச்சு.

மாரியம்மா அந்தப் பாலப் பாத்தாங்க. அப்புறம் காத்து வந்த பக்கம் மூஞ்சியத் திருப்பி, ஒரு தடவ மோந்தாங்க.

---

சனிக்கெழம. எட்டாவது நாள்.

மாரியம்மா வேலைக்குப் போறப்போ பின் கதவ வெளியிலேர்ந்து பூட்டுனாங்க. "யாரும் வந்து தொல்ல பண்ணக் கூடாது." முன் கதவுக்கு மேல் தாழ்ப்பா. அத அவங்களே உள்ளேர்ந்து போட்டுட்டு பின்பக்கமா போனாங்க.

மத்தியானம் பனி எறங்குச்சு. இந்தத் தடவ ஜன்னலோட நிக்கல. கூரைக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்கிற சந்து வழியா உள்ள வந்து, கட்டிலச் சுத்தி, தெர்மோஸ மூடி, ஹாலப் பாக்கப் போச்சு. கொழுந்து வெட்டுற மிஷின் சத்தம் நின்னு போச்சு. காத்தாடி மட்டும்.

அப்புறம் ஸ்பிரிங்.

நீண்டுச்சு. சுருங்குச்சு. நீண்டுச்சு. சுருங்குச்சு. வெறும் ஸ்பிரிங்குக்கு அந்தச் சத்தம் வராதுன்னு வசுமதிக்குத் தெரியும். கனம் தொங்கினாத்தான் அப்படி முனகும்.

மல்லி வாசம் மூக்க அடச்சுச்சு. பாடிக்குள்ள கதகதன்னு எறங்குச்சு. வெளிய சூடு, உள்ள பை மட்டும் ஐஸ்.

எந்திரிச்சா. செவுத்தப் புடிச்சுக்கிட்டு ஹாலுக்கு வந்தா.

ஸ்பிரிங்குல கைலித் தொட்டி தொங்குச்சு. பச்சக் கட்டம் போட்ட கைலி. பொதச்சப்போ பிள்ளயச் சுத்தி அனுப்புன அதே கைலி. ஓரத்துல செம்மண்ணு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. கீழ உருண்டையா ஒரு கனம். உள்ளேர்ந்து, பூனக்குட்டி மாரி, ஈரமா ஒரு சத்தம். அழுவுறதுக்கு முன்னால வாயச் சப்புற சத்தம்.

கதவுக்கு ஓடுனா. மேல் தாழ்ப்பா. கையத் தூக்குனா, தோளுக்கு மேல போவல, தையல் சுரீர்னு இழுத்துச்சு. நாற்காலிய இழுக்கப் பாத்தா. நெஞ்சுல கத்தி எறங்குச்சு. பின் கதவ ஒதச்சா. பூட்டு மட்டும் ஆடுச்சு.

"குமுதா! குமுதா!"

பனி அந்தப் பேர வாங்கிக்கிச்சு.

தொட்டி அழ ஆரம்பிச்சுச்சு.

அடுப்படியில டின் பால் இருந்துச்சு. ஓட்ட போட்ட டின்னு, மூடி வச்ச காகிதம். அதுக்குப் பக்கத்துல பாட்டில். பழைய பாட்டில். கழுவிக் கவுத்து வச்சிருந்தாங்க. நாளு கணக்கா அங்கயேதான் இருந்திருக்கும். எல்லாத்தையும் எடுக்க வாட்டமா, அவ கை எட்டுற ஒசரத்துல.

தெர்மோஸ் தண்ணியில கரச்சா. ரெண்டு கரண்டி. மூணு. அன்னிக்கி மாரியே. வேற என்ன செய்யணும்னு அவளுக்குத் தோணவே இல்ல. இல்ல, தோணுச்சு. டீ-சர்ட்டப் போட்டுக்கிட்டு கண்ணாடியில பாத்த அந்த வளவு ஞாபகம் வந்துச்சு. அது மட்டும் முடியாது. அத மட்டும் குடுக்க முடியாது.

மூஞ்சியத் திருப்பிக்கிட்டு பாட்டில தொட்டிக்குள்ள விட்டா.

அழுக நின்னுச்சு.

உறிஞ்சுச்சு. ஒரு தடவ. ரெண்டு தடவ.

துப்புச்சு.

பாட்டில் தரையில விழுந்து உருண்டுச்சு. ஸ்பிரிங் மெதுவா சுருங்கி, கைலி மேல போச்சு. கனம் இல்ல. காலி.

வசுமதி மூச்சு விட்டா. காலித் தொட்டி. காலி. செவுத்துல சாஞ்சு கீழ உக்காந்தா.

மடியில என்னமோ ஏறுச்சு.

சின்னதா. சில்லுன்னு. ஈர மண்ணு கனம். பாத்தா ஒண்ணும் தெரியல. பனிதான். ஆனா சட்ட தூக்குச்சு. எலாஸ்டிக் பாடிக்கு அடியில ஏதோ நொழஞ்சுச்சு. பாடி புடைச்சுச்சு, ஒரு கைப்பிடி அளவுக்கு, ஒரு தல அளவுக்கு. எடது பக்கம் தேடுச்சு. மோந்துச்சு. கன்னத்த வச்சுத் தேச்சுச்சு.

காம்பத் தாண்டிப் போச்சு.

வசுமதிக்குப் புரிஞ்சுச்சு. எங்க வாய வைக்கணும்னு அதுக்குத் தெரியல. யாரும் சொல்லிக் குடுக்கல.

கீழ போச்சு. மடிப்புக்கு அடியில. தையல் போட்ட எடத்துல. பல்லில்லாத ஈறு ரெண்டு, சில்லுன்னு, அந்த வெட்டுல பொருந்துச்சு.

உறிஞ்சுச்சு.

ஒரு தையல் விட்டுச்சு. இன்னொண்ணு. அவ கத்தல. கத்துறதுக்கு மூச்சு வரல. உள்ள அந்தக் குளிரு அசஞ்சுச்சு, நழுவுச்சு, வாசலத் தேடி மெதுவா எறங்குச்சு. கழுக். கழுக். முழுங்குற சத்தம். மடி சூடாச்சு. ரத்தமும் பாலும் சேந்து கால் வழியா ஓடுச்சு. எடது பக்கம் சரிஞ்சுச்சு, சுருங்குச்சு, தட்டையாச்சு. பலகை.

பின் கதவுல பூட்டு தொறக்குற சத்தம்.

"அத்தை..."

மாரியம்மா நின்னாங்க. கையில மண்ணு. பாட்டிலப் பாத்தாங்க. தரையில கொட்டிக் கெடந்த டின் பாலப் பாத்தாங்க. இடுப்புல சொருகியிருந்த சுருள எடுத்தாங்க. காஞ்சு பழுப்பா போன மல்லிச் சரம். சேலத் துணியோட சேத்துச் சுத்தினது.

"ஒன் மெத்தைக்கு அடியில கெடந்துச்சு. மூணு வருசமா வச்சிருக்கேன்." அதத் தூக்கி அவ மடியில போட்டாங்க.

"அத்தை, எடுங்க... எடுத்துருங்க..."

"சத்தம் போடாத. பிள்ள மெரளும்."

குழாயத் தொறந்து கையக் கழுவுனாங்க. வெரல் இடுக்கு, நகத்துக்கு அடியில, நிதானமா. சேலையில தொடச்சாங்க. தலகாணி ஒண்ண எடுத்துட்டு வந்து வசுமதி பக்கத்துல சப்பணம் போட்டு உக்காந்து, அவ முழங்கைக்கு அடியில அண்டக் குடுத்தாங்க. புதுசாப் பெத்தவளுக்குச் சொல்லிக் குடுக்குற மாரி அவ கையப் புடிச்சு, ஒண்ணுமில்லாத எடத்துல வளச்சு வச்சாங்க.

"இப்படித் தாங்கிக்க. தல தொங்கக் கூடாது."

வளச்ச கைக்குள்ள ஒரு தல வந்து பொருந்துச்சு. ஈர மயிரு. உச்சியில இன்னும் மூடாத குழி, துடிக்கல.

தொழிற்சாலையில சங்கு ஊதுச்சு. நாலு மணி. பனிக்குள்ள ஆளுங்க சிரிச்சுக்கிட்டு லைனுக்குத் திரும்புற சத்தம் தூரத்துல கேட்டுச்சு. குமுதா குரலும் இருந்துச்சு. மாரியம்மா எந்திரிச்சுப் போயி ஜன்னலச் சாத்திட்டு வந்து உக்காந்தாங்க.

"ஒரு பக்கம் ஆச்சு," அப்படின்னாங்க. "மாத்து. பசி அடங்கல."

வெட்டுலேர்ந்து வாய் விலகுச்சு, சின்னதா ஒரு சத்தத்தோட. வசுமதி கை அவ சொல்லாமலே அசஞ்சுச்சு. பழகின கை மாரி, தலயத் தாங்கி, வலது பக்கம் கொண்டு போச்சு.